ஊசிக்கு முந்தைய கேள்வி

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். போடிநாயக்கனூரில் அது ஏலக்காட்டு வேலைநாளும்கூட. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிடும்; பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவரும். ஆகவே பல வீடுகளில் ஊசி போடக் குழந்தையைத் தூக்கி வருவது அம்மா அல்ல. அம்மாச்சி வருவார், அப்பத்தா வருவார், சில நேரம் பள்ளிக்கு மட்டம் போட்ட அக்கா வருவாள்.

“போன தடவ ஊசி போட்டப்ப காய்ச்சல் வந்துச்சா அம்மாச்சி?”

“வந்திருக்கும் தாயி. அவளத்தான் கேக்கணும்.”

அந்த ‘அவள்’ அந்நேரம் மலையில் ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள்.

இந்த உரையாடலை எனக்குச் சொன்னவள் மலை வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து வந்த என் மாணவி. அவள் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஊசி நாளுக்கு முந்தைய இரவு நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதுவார்: “போன ஊசிக்கு ரெண்டு நாள் காய்ச்சல். வலிப்பு இல்ல. இப்ப சளி மட்டும்.” தாளை ஊசி அட்டையோடு குண்டூசியால் குத்தி அம்மாச்சி கையில் கொடுத்துவிடுவார். செவிலியர் என்னென்ன கேட்பார் என்பது அவருக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்.

தடுப்பூசியின் வரலாறு என்று நாம் படிப்பதில் அந்தத் தாளுக்கு இடமில்லை. மருந்தைக் கண்டுபிடித்தவர், கொண்டுவந்த கப்பல், சட்டம் போட்ட அரசு, எத்தனை லட்சம் பேருக்குப் போடப்பட்டது என்ற எண்ணிக்கை ஆகியவை இருக்கின்றன. ஊசிக்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் கேட்டதும் இன்னொரு பெண் சொன்னதும் இல்லை. அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது, யார் யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று தேடத் தொடங்கியதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கேள்விகளைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் சடங்கு போலத் தெரியும். குழந்தைக்கு இன்று உடம்பு எப்படி இருக்கிறது? முந்தைய ஊசிக்குப் பிறகு உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சுத் திணறியதா? வலிப்பு வந்ததா? ஏதாவது மருந்தோ உணவோ ஒத்துக்கொள்ளாமல் போனதா? நெடுநாளாக மருந்து சாப்பிடுகிறதா? அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா? வளர்ந்த பெண்ணென்றால் கர்ப்பமா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. தட்டம்மை, ரூபெல்லா போன்ற தடுப்பூசிகளில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமி. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய உடம்பில் அது ஆபத்தாகலாம். ரத்தம் ஏற்றிய உடம்பில் அடுத்தவரின் எதிர்ப்பொருள்கள் மிச்சமிருக்கும். அவை ஊசியின் வேலையைக் கெடுக்கும், அதனால் சில மாதங்கள் தள்ளிப் போட வேண்டும். முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அதே ஊசியை மறுபடியும் போடக் கூடாது.

போடக் கூடாது என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. சளி, இருமல், லேசான சூடு இருக்கிறதென்று குழந்தையைத் திருப்பி அனுப்புவதும் தவறு. அப்படி அனுப்பப்பட்ட குழந்தை அடுத்த புதன்கிழமை வருமா என்பது மலையில் வேலை இருக்கிறதா, மழை பெய்கிறதா, அம்மாச்சிக்கு மூட்டு வலிக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. ஆகவே கேட்பவர் பதிலைக் குறித்துக்கொள்வதோடு நிற்க முடியாது, எடைபோட வேண்டும். “நெஞ்சில சளி கட்டியிருக்கு” என்று ஒரு பாட்டி சொன்னால் அது சாதாரணச் சளியா, மூச்சு இழுக்கிறதா என்று குழந்தையின் சட்டையைத் தூக்கி விலா எலும்பைப் பார்க்க வேண்டும். இதை ‘படிவம் நிரப்புதல்’ என்று சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

இந்தியாவில் முதன்முதலாக அம்மைத் தடுப்பு வைக்கப்பட்டது ஒரு பெண்குழந்தைக்கு. 1802 ஜூன் 14, பம்பாய். அன்னா டஸ்ட்ஹால், மூன்று வயது. வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று கை மாறி மாறி வந்த பசு அம்மையின் பால் அவள் கையில் வைக்கப்பட்டது. கொப்புளம் எழும்பியது. அந்தக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை இன்னும் ஐந்து குழந்தைகளுக்கு வைத்தார்கள். அங்கிருந்து அது புனே, சூரத், ஐதராபாத், சென்னை, இலங்கை என்று பரவியது. குளிர்பெட்டி இல்லாத காலம். மருந்தைச் சுமந்து வந்த பாத்திரம் குழந்தையின் உடம்புதான்.

கைக்குக் கை என்ற அந்த முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நடந்தது. ஒரு குழந்தைக்கு வைத்து, எட்டாம் நாள் கொப்புளம் முற்றியதும் அதைக் கீறி நீர் எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். அதற்கு முன் குழந்தையின் உடம்பைச் சோதிப்பார்கள்: சிரங்கு உண்டா, புண் உண்டா, மேகநோயின் அடையாளம் உண்டா. ஊசிக்கு முந்தைய பரிசோதனையின் பழைய வடிவங்களில் இது ஒன்று. ஆனால் இது குழந்தைக்காகச் செய்த பரிசோதனை அல்ல, பாலுக்காகச் செய்தது. இந்தப் பாத்திரம் சுத்தமானதா என்று பார்த்தார்கள். கொப்புளத்தைக் கீறும்போது அழும் பிள்ளையை மடியில் பிடித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் அதை விரும்பாததில் வியப்பில்லை. தன் பிள்ளைக்கு வைத்த பிறகு எட்டாம் நாள் வராமல் ஒளிந்துகொண்டார்கள். அதனால் ஏழைகளின் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப் போனார்கள். கூடவே சாதியும் வந்தது: எந்தச் சாதிப் பிள்ளையின் நீர் என் பிள்ளை உடம்பில் ஏறுகிறது என்ற கேள்வி. காலனிய மருத்துவத்தைப் பற்றி டேவிட் ஆர்னால்ட் போன்றவர்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு உறைத்தது இதுதான். மேல்சாதியினர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் அரசின் காதில் விழுந்தது, குறிப்பேடுகளிலும் ஏறியது.

சென்னையில் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் இன்னொரு வழி பார்த்தார். திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ்தான். அம்மை குத்துவதை மக்கள் ஏற்க வேண்டும் என்பதற்காகச் சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வது போல ஓர் உரையாடலைப் புராண பாணியில் எழுதினார். தெய்வப் பெண்ணின் வாயிலிருந்தே சம்மதம் வாங்கிவிட்டால் மண்ணில் இருக்கும் பெண்களிடம் கேட்க வேண்டியதில்லை அல்லவா! 1805இல் தாமஸ் ஹிக்கி வரைந்த மைசூர் அரண்மனைப் பெண்களின் ஓவியமும் அந்த வகையில் வந்ததுதான் என்று வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலர் வாதிட்டார். அதில் இளம் அரசி ஒருத்தி சேலையை ஒதுக்கி மேற்கையைக் காட்டுகிறாள், அம்மை குத்திய இடத்தை. அரசியின் கை விளம்பரமானது, ஏழைப்பிள்ளையின் கை பாத்திரமானது.

1899இல் கிண்டியில் கிங் நிலையம் அமைந்து, கன்றின் தோலில் வளர்த்த அம்மைப்பால் பெருமளவில் கிடைக்கத் தொடங்கிய பிறகு குழந்தைகளின் கை விடுதலையானது. அம்மை குத்துபவர் ஊருக்குள் வந்தார். அவர் ஆண், பெரும்பாலும் அரசுச் சிப்பந்தி. அவர் வந்தால் பெண்கள் பிள்ளைகளோடு கதவைச் சாத்திக்கொண்டதாகச் சொல்லும் கதைகள் எங்கள் பக்கத்து மூத்த பெண்களிடம் இன்றும் உண்டு.

அந்தப் பெண்கள் அறியாமையால் கதவைச் சாத்தினார்கள் என்று முடித்துவிடுவது எளிது. கதவுக்கு உள்ளே வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. வைசூரி கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்தி, “ஆத்தா வந்திருக்கா” என்று சொல்லி நோயாளியைத் தனியே கிடத்துவார்கள். பக்கத்தில் போகிற பெண் யார்? ஏற்கெனவே அம்மை வார்த்து, முகத்தில் தழும்போடு இருப்பவள். அவளை மறுபடி தொடாது என்று அவர்களுக்குத் தெரியும். யாருக்கு வந்திருக்கிறது, யாருக்கு வரவில்லை, யார் உள்ளே போகலாம் என்ற கணக்கைக் கிழவிகள் வைத்திருந்தார்கள். இதை நான் கொண்டாட மாட்டேன். அதே வாசலில் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: “வீட்டுக்குத் தூரமா?” மாதவிலக்கான பெண் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஆத்தா கோபித்துக்கொள்வாள், நோய் முற்றினால் பழி அந்தப் பெண்ணின் மேல் விழும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் அக்கினிச்சட்டி எடுக்கும் பெண்கள் இன்றைக்கும் நாள் எண்ணித்தான் காப்புக் கட்டுகிறார்கள். பெண்ணின் உடம்பை விசாரிக்கும் வழக்கம் மருத்துவமனையில் தொடங்கவில்லை, வாசற்படியில் தொடங்கியது.

இந்தியாவில் பெரியம்மையின் கடைசி உள்ளூர்த் தொற்று 1975 மே மாதம். அதே ஆண்டு அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற குழந்தைக்கு வந்ததுதான், உலகில் இயற்கையாகப் பரவிய கொடிய வகைப் பெரியம்மையின் கடைசி நிகழ்வு. அவளுக்கும் ஏறத்தாழ மூன்று வயது. அந்த இறுதிக் கட்டத்தில், நோய் கண்ட ஊர்களைச் சுற்றிவளைத்து ஒருவர் விடாமல் குத்த வேண்டியிருந்தது. கேட்பதற்கு நேரமில்லை. சில இடங்களில் இரவில் வீடு புகுந்து, பெண்களைப் பிடித்து வைத்துக் குத்தியதை வரலாற்றாசிரியர் பால் கிரீனோ பதிவு செய்திருக்கிறார். பெரியம்மை ஒழிந்தது பெரிய காரியம். என் கையில் அந்த வட்டத் தழும்பு இல்லாமலிருப்பதற்கு நான் நன்றியுள்ளவள்தான். கேள்வி இல்லாமல் குத்தப்பட்ட கைகளும் அந்த வெற்றிக்குள் இருக்கின்றன.

ஊசி ஆணின் கையிலிருந்து பெண்ணின் கைக்கு மாறியது ஏறக்குறைய அதே காலத்தில்தான். 1973இல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்களுக்குத் தனித்தனிப் பணியாளர் என்ற முறையைக் கைவிட்டு எல்லாம் செய்யும் பல்நோக்குப் பணியாளர்களை உருவாக்கச் சொன்னது. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த துணைச் செவிலியரின் தோளில் தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாடும் பதிவேடுகளும் ஏறின. தமிழ்நாட்டில் அவர் கிராம சுகாதாரச் செவிலியர், ஊர் வாயில் நர்சம்மா. 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தபோது அதை வீடுவரை கொண்டுசேர்த்தவர் அவர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளைப் பார்த்தவர்களுக்கு அந்த 3,000 என்ற எண்ணுக்குள் எவ்வளவு ஏற்றமும் எவ்வளவு நடையும் இருக்கின்றன என்று தெரியும்.

நர்சம்மா வந்த பிறகு கேள்வியின் தன்மை மாறியது. அவர் அந்த வீட்டில் பிரசவம் பார்த்தவர். எந்தக் குழந்தை எடை குறைவாகப் பிறந்தது, எந்தப் பெண்ணுக்குக் கரு தங்கவில்லை, எந்த வீட்டுக்காரன் குடிப்பான் என்பதெல்லாம் தெரிந்தவர். பாதிக் கேள்விகளை அவர் கேட்கவே வேண்டியதில்லை. மீதியை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டார்.

அடுப்படிப் பேச்சு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் இதயமும் கெடும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தது 1941இல். சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் பிறவிப் புரையோடு கைக்குழந்தைகள் தொடர்ந்து வந்தார்கள். காத்திருந்த தாய்மார்கள், வயிற்றில் பிள்ளை இருந்தபோது தங்களுக்கு அந்த அம்மை வந்ததைப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்பார்கள். அவர் அதைக் காதில் வாங்கியதற்காகப் புகழ் பெற்றார், நியாயம்தான். பேசிய பெண்களின் பெயர் எதுவும் பாடப்புத்தகத்தில் இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது அந்தக் காத்திருப்பு அறைப் பேச்சின் பலனைத்தான் நம் பிள்ளைகள் கையில் வாங்கினார்கள்.

இதற்கிடையில் 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அந்த வாரச் செய்தித்தாள்களைப் புரட்டியவர்களுக்கு அந்தத் தாய்மார்களின் முகம் மறக்காது. தட்டம்மை மருந்து பொடியாக வரும். அதற்கென்றே தரப்படும் நீரில் கலக்க வேண்டும். கலந்தபின் குளிர்ச்சியில் வைத்து நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். ஊசிக்கு முந்தைய பரிசோதனை குழந்தைக்கு மட்டுமல்ல, குப்பிக்கும் உண்டு. காலாவதித் தேதி, குப்பியின் மேலுள்ள வெப்ப அடையாளம், எப்போது திறந்தது என்ற நேரம் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கை நீள வேண்டும்.

மாநில அரசு எடுத்த முடிவு இது: இனி ஊசி துணை நிலையத்திலோ அங்கன்வாடியிலோ இல்லை, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான். முடிவில் நியாயம் இருந்தது. ஒவ்வாமையால் மூச்சு அடைத்தால் உடனே அட்ரினலின் போட ஆள் வேண்டும், வாகனம் வேண்டும். ஆனால் அந்த முடிவின் செலவு யார் தலையில் விழுந்தது? மலையிலிருக்கும் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, ஜீப்புக்குக் காசு கொடுத்து இறங்கி வர வேண்டும். வந்து சேர்ந்தால் அங்கே தன் வீட்டை அறிந்த நர்சம்மாவின் அடுப்படிப் பேச்சு இல்லை, நீண்ட வரிசை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்ற குழந்தைகள் 2005–06இல் 80.9 சதவீதம்; 2015–16இல் 69.7 சதவீதம். இந்தச் சரிவு முழுவதற்கும் அந்த ஒரு முடிவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊசி வீட்டை விட்டு நகர்ந்தால் முதலில் விடுபடுவது எந்த வீட்டுப் பிள்ளை என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

வரிசையில் கேட்கப்படும் கேள்விக்கும் அடுப்படியில் கேட்கப்படும் கேள்விக்கும் உள்ள வேறுபாடு பெண்களுக்குத் தெரியும். “கர்ப்பமா இருக்கியா? கடைசியா எப்போ குளிச்ச?” என்று முன்னும் பின்னும் ஆட்கள் நிற்கும்போது கேட்டால் கல்யாணமாகாதவள் என்ன சொல்வாள்? மாமியாரிடம் இன்னும் சொல்லாதவள் என்ன சொல்வாள்? எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிற தாய், “நெடுநாளா மாத்திர ஏதாச்சும் எடுக்கிறீங்களா?” என்ற கேள்விக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் முன்னால் என்ன சொல்வாள்? ‘இல்லை’ என்பாள். படிவத்தில் ‘இல்லை’ என்று ஏறும். அந்தப் பதில் பொய்யானதற்குப் பொறுப்பு அவளுடையதல்ல, ஒரு திரைச்சீலை வாங்கிப் போடாத நிர்வாகத்துடையது.

இதே காலத்தில் பக்கத்து மாநிலத்தில் நடந்தது இன்னும் மோசம். 2009 ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் பிறகு குஜராத்தின் வடோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் மாநில அரசுகளும் சேர்ந்து 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டன. கம்மத்தில் மட்டும் ஏறத்தாழ 14,000 பேர். பழங்குடிச் சிறுமிகள் நிறைய. விடுதிகளில் தங்கிப் படித்த பல பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளரும் தலைமை ஆசிரியரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். திட்டக் காலத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது விசாரணை. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தில் குறைகள் வெளிவந்தன. டில்லியின் ‘சமா’ பெண்கள் நலக் குழு பத்ராசலத்துக்கே போய்ச் சிறுமிகளைச் சந்தித்து எழுதியது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

காப்பாளருக்கு அந்தப் பிள்ளையின் கையெழுத்தைப் போடத் தெரியும். அவளுக்கு வலிப்பு வந்ததுண்டா, மாதவிலக்கு தொடங்கியதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியுமா? ஒப்புதலும் உடல்நிலை விசாரிப்பும் வெவ்வேறு தாள்களில் அச்சாவதால் அவை வெவ்வேறு விஷயங்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். தாயைக் கேட்காமல் ஒப்புதல் வாங்கிய அன்றே, அவளுக்கு மட்டும் தெரிந்த பதில்களும் கேட்கப்படாமல் போய்விட்டன.

2021 எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனா ஊசி ஜனவரி 16 அன்று தொடங்கியது. முதல் வரிசையில் சுகாதாரப் பணியாளர்கள், அதாவது பெரும்பாலும் பெண்கள். அந்த முதல் நாளிலேயே கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் விலக்கப்பட்டார்கள். ஊசியின் சோதனைகளில் அவர்களைச் சேர்க்காததால் அவர்களுக்கு அது பாதுகாப்பானதா என்று சொல்லத் தரவில்லை என்பதுதான் காரணம். பாலூட்டுபவர்களுக்கு மே 19இலும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2இலும் அனுமதி வந்தது. இடையில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. “கர்ப்பமா?” என்ற கேள்வி அந்த மாதங்களில் பாதுகாக்கும் கேள்வியாக இல்லை, திருப்பி அனுப்பும் கேள்வியாக இருந்தது.

அந்த ஏப்ரலில், மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக் கூடாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவியது. வதந்தி என்று அரசு மறுத்தது, சரியான மறுப்பு. ஆனால் பெண்கள் கேட்டது அது மட்டுமல்ல. ஊசிக்குப் பிறகு நாள் தள்ளிப் போகிறதே, ஏன் என்றார்கள். சம்பந்தமில்லை, பயம்தான் காரணம் என்று பதில் வந்தது. தடுப்பூசிச் சோதனைகளில் பெண்களின் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டுத் திரட்டியிருக்கவில்லை என்பது மெல்லத் தெரியவந்தது. 2022 ஜனவரியில் ஆலிசன் எடெல்மனும் குழுவினரும், அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பெண்கள் கைபேசிச் செயலியில் குறித்துவைத்திருந்த தேதிகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள்: ஊசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான அளவு நீள்கிறது, பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. ஆபத்தில்லாத சிறு மாற்றம். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். வைசூரி வீட்டு வாசலில் தீட்டு என்று கேட்கப்பட்டது ஆய்வகத்தில் கேட்கப்படாமலே போனது என்பதை என் வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

தமிழ் ஆசிரியை என்பதால் ஒரு சிறு கவனிப்பு. முன்பு அம்மை ‘குத்தினார்கள்’, பிறகு ஊசி ‘போட்டார்கள்’, கொரோனாக் காலச் செய்திகளில் தடுப்பூசி ‘செலுத்தினார்கள்’. அமைச்சரும் நடிகரும் தடுப்பூசி ‘செலுத்திக்கொண்டார்கள்’. மலைவாழ் மக்களுக்குத் தடுப்பூசி ‘செலுத்தப்பட்டது’. ‘கொள்’ என்ற துணைவினை யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. ஊசி படிப்படியாகப் போடப்படும் என்றும் அதற்கு 36 கோடி ரூபாய் என்றும் அறிவித்தது. நான் வரவேற்கிறேன். கருப்பைவாய்ப் புற்று ஏழைப் பெண்களை முற்றிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுவருகிற நோய். தொற்று வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி முழுப்பலன் தரும். கம்மத்தைச் சொன்னது ஊசியை மறுப்பதற்காக அல்ல, அங்கே விட்டுப்போன கேள்விகளை இங்கே கேட்க வேண்டும் என்பதற்காக.

வளரிளம் பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது செவிலியர் கேட்க வேண்டியவற்றில் மிக எளியது, “சாப்பிட்டியா?” என்பது. அந்த வயதில் ஊசி போட்டதும் மயங்கி விழுவது அடிக்கடி நடக்கும்; ஒருத்தி விழுந்தால் வரிசையில் நிற்கும் நாலு பேர் விழுவார்கள்; மறுநாள் ஊரே ஊசியைப் பழிக்கும். அதனால்தான் உட்கார வைத்துப் போடுவதும், போட்டபின் அரைமணி நேரம் இருக்கச் சொல்வதும். விடியலில் அம்மாவை ஜீப் ஏற்றிவிட்டு, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பெண் பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டாள். கேட்டால் “சாப்பிட்டேன்” என்பாள்.

சென்ற பருவத்தில் இதையெல்லாம் வகுப்பில் பேசிய பிறகு, ஊசி போட வரும் செவிலியரிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் நம்மைக் கேட்பது இருக்கட்டும், நாம் அவரைக் கேட்பது. பெயர் வேண்டாம் என்றதும் தாள்கள் நிறைந்தன. நாள் தள்ளிப் போகுமா? பிறகு பிள்ளை பிறக்குமா? ‘அந்த மாதிரி’ பெண்களுக்குத்தான் இந்த ஊசி என்று என் அண்ணன் சொல்கிறான், அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? எனக்கு வயது 19, எனக்கு உண்டா? ஏலக்காட்டில் மருந்தடித்த அன்று தலை சுற்றும், அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாமா? அம்மாவுக்கு இனிமேல் போட்டால் பிரயோஜனம் உண்டா, இல்லையென்றால் அவரை எங்கே கூட்டிப்போய்ச் சோதிப்பது?

ஒரு தாளில் இப்படி இருந்தது: “ஊசி பள்ளிக்கூடத்தில் போடுவார்கள் என்றால், எட்டாவதோடு நின்று மலைக்குப் போகிற என் தங்கச்சியை யார் கேட்பார்கள்?”